சூரிய அடுப்பில் சூட்டைச் சேர்த்து வைத்து இரவுச் சமையல்: நடக்கிற காரியமா?

கரிசல்வாசி

எல்லாருக்கும் வணக்கம். விளாத்திகுளத்துக்கு வடக்கே கரிசல் காட்டில் மானாவாரி நிலம், அதிலேயே ஓட்டு வீடு. மின்கம்பம் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. விளக்குக்கும் போனுக்கும் ஒரு சின்ன பேனலும் பேட்டரியும் போதுமாக இருக்கிறது. வீட்டில் நாலு பேர்.

மதியச் சாப்பாட்டுக்குப் பெட்டி வகை சோலார் குக்கர் வைத்திருக்கிறோம், கண்ணாடி மூடி போட்ட பெட்டி, வெயில் உள்ளே இறங்கிச் சூடாகும். கறுப்புப் பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் போட்டுக் காலையில் வைத்தால் ஒரு மணிக்குச் சாப்பிடலாம். பிரச்சினையே இல்லை. இரவுதான் சிக்கல். சீமைக் கருவேலம் காலடியில் கிடக்கிறது, விறகுக்குப் பஞ்சம் கிடையாது. ஆனால் அம்மாவுக்கு வீசிங், புகை ஆகாது. சிலிண்டரை டூவீலரில் வைத்து மண்பாதையில் கொண்டு வருவது என்னால் ஆகாத வேலை.

சமீபத்தில் ஒரு கண்காட்சியில் "சூடு சேமிக்கும் சோலார் குக்கர்" பார்த்தேன். பாத்திரத்தைச் சுற்றி இரட்டைச் சுவர், உள்ளே ஏதோ மெழுகு மாதிரி பொருள். பகலில் வெயிலில் வைத்தால் இரவு பத்து மணி வரை சமைக்கலாம் என்றார் விற்பவர். விலையைக் கேட்டதும் திரும்பி வந்துவிட்டேன். இதெல்லாம் உண்மையில் வேலை செய்யுமா? நாமே செய்துகொள்ள வழி உண்டா? ஏழு மணிக்கு இட்லி, தோசை, ஒரு குழம்பு. இவ்வளவுதான் தேவை.

மணல்சட்டி

இதற்கு எதற்குக் காசு? கடலை வறுக்கிறவரைப் பாருங்கள். மணல் ஒருமுறை சூடேறிவிட்டால் அடுப்பை அணைத்த பிறகும் கடலை வறுபடும். உங்கள் பெட்டிக்குள் தட்டுக்கு அடியில் கறுப்பு அடித்த டின் வைத்து 10 கிலோ மணல் போடுங்கள். நன்றாகக் காய்ந்த மணலாக இருக்கட்டும், ஈர மணல் போட்டால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். சாயங்காலம் மூடியின் மேல் பழைய கம்பளியைப் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்படித்தான். இரவு எட்டு மணிக்குத் திறந்தாலும் குழம்பு கை பொறுக்காத சூட்டில் இருக்கும்.

கணக்குப்பிள்ளை

மணல்சட்டி சொல்வதில் ஒன்று சரி, ஒன்று சரியில்லை. வெந்த குழம்பைச் சூடாக வைத்திருக்க மணல் உதவும். ஆனால் கரிசல்வாசி கேட்பது வேகாததை வேகவைப்பது. இரண்டும் வேறு வேறு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். அரை கிலோ அரிசி, ஒன்றரை லிட்டர் தண்ணீர். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 500 கிலோ ஜூல் வேண்டும். மணலின் வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்றத் தேவைப்படும் சூடு, 0.8 கிலோ ஜூல். பெட்டி குக்கர் நல்ல வெயிலில் 140 டிகிரி வரை போகும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 140 டிகிரியில் இருக்கும் 10 கிலோ மணலில் இந்த அரிசிப் பாத்திரத்தை இறக்கினால், மணல் இறங்கி, அரிசி ஏறி, இரண்டும் சந்திக்கும் இடம் 88 டிகிரி. ஒரு துளி சூடுகூட வெளியே போகாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. கொதி வரவே வராது. அதற்குப் பிறகு இறக்கம்தான்.

அதோடு பெட்டிக்குள் வரும் வெயிலே கொஞ்சம். அரை மீட்டருக்கு அரை மீட்டர் கண்ணாடி, வெயிலைத் திருப்பிவிட ஒரு ஆடி என்றால் பாத்திரத்துக்குப் போய்ச் சேர்வது 60, 70 வாட். அந்த மணலை 140-க்கு ஏற்றவே மூன்றரை மணி நேர உச்சி வெயில் வேண்டும். அதாவது மதியச் சோற்றை மணல் சாப்பிட்டுவிடும்.

மணல்சட்டி

கணக்கெல்லாம் சரிங்க ஐயா. 88 டிகிரியில் அரிசி வேகாது என்று யார் சொன்னது?

முன்னாள்சிப்பாய்

நான் சொல்கிறேன். லடாக்கின் லே ஊரில் இருந்திருக்கிறேன். 3,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் கொதிப்பதே கிட்டத்தட்ட 88 டிகிரியில்தான். அரிசி வேகும், நேரம் எடுக்கும், நடுவில் கொஞ்சம் வேகாமல் இருக்கும். பருப்பு பிரஷர் குக்கர் இல்லாமல் வேகவே வேகாது. துவரம்பருப்பைத் திறந்த சட்டியில் போட்டால் மறுநாள்தான் சாம்பார்.

லடாக்கில் வெயிலுக்குக் குறைவில்லை. குடை மாதிரி பெரிய ஆடியை வைத்து, நடுவில் கெட்டிலைத் தொங்கவிட்டு, பனிக்காலத்திலும் வெளியே டீ போடுவார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் போனால் அதோடு சரி. அங்கே யாரும் சூட்டைச் சேமித்துப் பார்த்ததில்லை. பிளாஸ்கில் ஊற்றி வைப்பார்கள்.

அடுப்பங்கரை

கெட்டிக்காரர்கள். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். தம்பி, சூட்டைச் சேமிப்பதற்கு முன்னால் சாப்பாட்டைச் சேமித்துப் பாருங்கள்.

நான் அறந்தாங்கிப் பக்கம். பெட்டி குக்கரில் பல வருடங்களாகச் சமைக்கிறேன். மதியச் சாப்பாட்டை எடுத்த கையோடு இரவுக்கு உண்டானதை உள்ளே வைத்துவிடுவேன். நாலரைக்குள் வெந்துவிடும். பாத்திரத்தை மூடியோடு எடுத்து, கோணிச்சாக்கு, பழைய வேட்டி என்று இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவேன். தெர்மோகோல் நேராகச் சூடான பாத்திரத்தில் பட்டால் சுருங்கிவிடும், நடுவில் துணி கட்டாயம். ஏழரைக்குத் திறந்தால் ஆவி பறக்கும். காசு கொடுக்கலாம் என்றால் கடையில் விற்கிற தெர்மல் குக்கரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

பாத்திரம் நிறைய இருக்க வேண்டும். அரைப் பாத்திரம் சீக்கிரம் ஆறிவிடும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய சோற்றை மணிக்கணக்கில் வைக்கக் கூடாது. சோற்றில் வளரும் ஒரு கிருமி இருக்கிறது, வேகும்போது அதன் வித்து சாகாது. இளஞ்சூட்டில் முளைத்துவிடும். வாந்திதான். திறந்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும், மிச்சத்தைத் திரும்பவும் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

ராஜ்மா மட்டும் இந்த முறையில் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் நச்சு போவதற்குப் பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வேண்டும். 80 டிகிரியில் நாள் முழுக்க வைத்தாலும் போகாது, கூடத்தான் செய்யும்.

சாம்பாரின் உண்மையான சிக்கல் வேகவைப்பதில் இல்லை, தாளிப்பில் இருக்கிறது. பெட்டி குக்கரில் கடுகு வெடிக்காது. நான் தாளிக்க மட்டும் சின்ன கேஸ் அடுப்பைப் பற்றவைக்கிறேன். ஒரு சிலிண்டர் ஏன் இத்தனை நாள் வருகிறது என்று கொண்டுவருகிற பையன் கேட்கிறான்.

கணக்குப்பிள்ளை

அக்கா சொன்ன தாளிப்பில்தான் இந்த விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. இரண்டு கரண்டி எண்ணெயை 180 டிகிரிக்கு ஏற்ற 10 கிலோ ஜூல் போதும். மேலே சொன்ன மணலில் அதைப்போல எண்பது மடங்குக்கு மேல் சூடு இருந்தது. ஆனாலும் ஒரு கடுகு வெடிக்காது, ஏனென்றால் மணல் 140-ல் நிற்கிறது. எவ்வளவு சூடு இருக்கிறது என்பது ஒரு கேள்வி, எந்த டிகிரியில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. விற்பவர்கள் முதலாவதை மட்டும் சொல்வார்கள்.

கண்காட்சியில் பார்த்த மெழுகுக்கு வருவோம். உருகும்போது சூட்டை வாங்கி, உறையும்போது திருப்பிக் கொடுக்கும் பொருள்கள் இவை. உருகுநிலை எங்கே என்று கேளுங்கள், அதுபோதும். சாதாரண பாரஃபின் மெழுகு 60 டிகிரியை ஒட்டி உருகுவது. அதைக் கொண்டு சமைக்க முடியாது, சூடாக வைத்திருக்கலாம், அவ்வளவுதான். மெக்னீசியம் நைட்ரேட் உப்பு 89 டிகிரி. அசெட்டனிலைடு 114, ஆனால் அதைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வராது.

வீட்டுக்கு ஏற்றதாகத் தேறுவது எரித்ரிட்டால். சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிறார்களே, அதேதான். 118 டிகிரியில் உருகும், கிலோவுக்கு 340 கிலோ ஜூல் அளவில் சூட்டை அடக்கிக்கொள்ளும். 3 கிலோவில் ஒரு வேளைச் சோற்றுக்குப் போக மிச்சம் இருக்கும். சிந்தினாலும் விஷமில்லை. குறை என்னவென்றால் உறைய வேண்டிய நேரத்தில் உறையாமல் அடம்பிடிக்கும். 118-க்கு வெகு கீழே இறங்கியும் திரவமாகவே இருக்கும், அதுவரை அடக்கிய சூட்டை விடாது. அதிகச் சூட்டில் நாள்பட வைத்தால் பழுப்பாகிக் கெடும். விலையும் சர்க்கரை விலை இல்லை.

சோடியம் நைட்ரேட் 60 பங்கு, பொட்டாசியம் நைட்ரேட் 40 பங்கு கலந்த உப்பைப் பெரிய சூரிய வெப்ப மின்நிலையங்களில் உருக்கி டேங்க் டேங்காக வைத்திருக்கிறார்கள். 220 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் நம் சமையலுக்குப் பொருத்தமான சூடுதான். ஆனால் பொட்டாசியம் நைட்ரேட் என்பது வெடியுப்பு. மரச் சட்டம், சர்க்கரை, எண்ணெய் எதன் மேல் பட்டாலும் என்ன ஆகும் என்று உங்களுக்கு மேற்கே சிவகாசியில் கேட்டால் சொல்வார்கள். வீட்டில் வேண்டாம்.

கரிசல்வாசி

நன்றி ஐயா. அக்கா, நீங்கள் சொன்னதைச் செய்து பார்க்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் இரவு சுடச்சுட ஒன்று வேண்டும் என்று வீட்டில் ஆசைப்படுகிறார்கள். அந்தக் குடை ஆடியை வைத்து ஒரு இரும்புக் கட்டியை 300 டிகிரிக்குச் சூடாக்கி உள்ளே தூக்கி வந்தால்? அல்லது எண்ணெயைச் சூடாக்கினால்?

முன்னாள்சிப்பாய்

20 கிலோ இரும்பை 300 டிகிரியில் கையில் தூக்கிக்கொண்டு வாசற்படி தாண்டுவீர்களா தம்பி? அம்மா இருக்கிற வீடு.

அப்புறம் உங்கள் ஊரில் ஆடி மாதக் காற்று எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். 1.4 மீட்டர் ஆடி என்றால் அது ஒரு பாய்மரம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் பக்கம் திருப்பவும் வேண்டும். மேகம் லேசாக மறைத்தாலும் குவியாது. பெட்டி குக்கராவது மங்கின வெயிலையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

கணக்குப்பிள்ளை

எண்ணெயும் வேண்டாம். 30-லிருந்து 200 டிகிரிக்குப் போகும்போது எண்ணெய் பத்து சதவீதத்துக்கு மேல் விரியும். முட்டமுட்ட நிறைத்து மூடினால் பிதுங்கி வழியும். ஒரு கரண்டி தண்ணீர் உள்ளே போனால் அடுப்பங்கரையில் யாரும் நிற்க முடியாது.

வடபழனி_மொட்டைமாடி

ஏன் இவ்வளவு கஷ்டம்? திருப்பதியில் வெயிலில்தானே அன்னதானமே சமைக்கிறார்கள்? ஆரோவில்லிலும் மொட்டை மாடியில் பெரிய கிண்ணம் இருக்கிறதே.

கணக்குப்பிள்ளை

இருக்கிறது. திருமலையில் 2002-ல் 106 ஆடிகள் வைத்தார்கள், அவை கொடுத்தது நீராவி. ஆரோவில் சோலார் கிச்சனின் கிண்ணம் 15 மீட்டர் குறுக்களவு. கிண்ணம் அசையாது, மேலே தொங்கும் கொதிகலன்தான் வெயிலைத் தேடி நகரும். அதுவும் நீராவிதான். இரண்டு இடத்திலும் பக்கத்தில் டீசல் கொதிகலனும் வைத்தார்கள். சூட்டைச் சேமித்து வைத்து ராத்திரி சமைக்கிற கதை அங்கே இல்லை, வெயில் இல்லாவிட்டால் டீசல்.

சேமிப்பு என்றால் ராஜஸ்தானில் ஆபு ரோட்டில் பிரம்ம குமாரிகள் வளாகத்து 'இந்தியா ஒன்' நிலையத்தைச் சொல்லலாம். 60 சதுர மீட்டர் ஆடிகள் 770. ஒவ்வொன்றின் குவியத்திலும் ஒரு வார்ப்பிரும்புக் கட்டி. பகலில் சூடேறி, இரவிலும் நீராவி கொடுத்து மின்சாரம் எடுக்கும்படி செய்தது. பாருங்கள், மெழுகும் இல்லை, உப்பும் இல்லை, வெறும் இரும்பு. ஆனால் அதன் ஆடி தானாகத் திரும்பும், கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். யாரும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

வயர்மேன்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே வந்தேன். யாரும் பேனல் பக்கம் வரவில்லையே. வெயிலை நேராகப் பிடித்து 300 டிகிரி கொண்டுவர ஆடி, திருப்பல், காற்று என்று இத்தனை பாடு. ஒரு 330 வாட் பேனலைக் கூரையில் மாட்டிவிட்டு, அதன் கம்பியை நேராக ஒரு ஹீட்டர் காயிலில் கொடுத்தால் எந்த டிகிரிக்கும் போகலாம். பேட்டரி வேண்டாம், இன்வெர்ட்டர் வேண்டாம். சூட்டையே சேமித்துக்கொள்ளலாம்.

கலிபோர்னியாவில் கால் பாலி பல்கலைக்கழகத்தில் பீட் ஷ்வார்ட்ஸ் என்ற பேராசிரியரும் மாணவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். 100 வாட் பேனல் ஒன்று, நன்றாகச் சூடு காக்கும் பெட்டிக்குள் பாத்திரம், அடியில் ஹீட்டர். காலையிலிருந்து மெதுவாக ஏறி வெந்துவிடும். கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன எரித்ரிட்டாலையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளில் கிராமத்து வீடுகளில் கொடுத்து ஓட்டுகிறார்கள்.

நம் நாட்டில் இந்தியன் ஆயில் 2022-ல் 'சூர்யா நூதன்' என்று ஒன்றைக் காட்டினார்கள். அதுவும் இந்த வழிதான்: பேனல் வெளியே, அடுப்பு உள்ளே, அடுப்புக்குள் சூட்டுச் சேமிப்பு. அறிவித்தபோது 12,000-லிருந்து 23,000 ரூபாய் வரை என்று செய்தியில் வந்தது.

வடபழனி_மொட்டைமாடி

பேனல் வரை வந்துவிட்டால் லித்தியம் பேட்டரியும் இண்டக்‌ஷன் அடுப்பும் போட்டுவிட்டுப் போகலாமே. மத்தியப் பிரதேசத்தில் பேதூல் மாவட்டத்தில் பாஞ்சா என்ற கிராமத்தில் 70-க்கு மேற்பட்ட வீடுகளில் அப்படிச் செய்திருக்கிறார்கள், ஐ.ஐ.டி. பம்பாய் வடிவமைத்தது.

வயர்மேன்

போடலாம். காசு இருந்தால் அதுதான் வசதி, மறுக்கவில்லை. ஆனால் இண்டக்‌ஷன் அடுப்பு 1,500, 2,000 வாட் இழுக்கும். அதைத் தாங்குகிற இன்வெர்ட்டர், பேட்டரி, ரிப்பேர் வந்தால் தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டும். பாஞ்சாவில் வெளியிலிருந்து பணம் வந்தது. மணலும் காயிலும் போனால் உள்ளூர்க் கடையில் வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம்.

கரிசல்வாசி தம்பி, இதைச் செய்வதாக இருந்தால் கவனமாகக் கேளுங்கள். கடையில் விற்கிற 230 வோல்ட் கெட்டிலையோ ஹீட்டரையோ பேனலில் மாட்டாதீர்கள். 1,000 வாட் காயிலின் தடை 53 ஓம். 330 வாட் பேனல் 37 வோல்ட்டை ஒட்டித்தான் நல்ல பவர் கொடுக்கும். அந்த வோல்ட்டில் 53 ஓமில் ஓடுவது 26 வாட். பேனல் கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொள்வீர்கள், பேனல் நன்றாகத்தான் இருக்கும்.

ஸ்பிரிங் மாதிரி கிடைக்கிற 1,000 வாட் காயிலை வாங்கி நாலு சம துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 13 ஓம் சொச்சம். அதில் மூன்றை இணையாகச் சேர்த்தால் 4.4 ஓம். இதில் 300 வாட்டுக்கு மேல் ஓடும். ஒவ்வொரு துண்டிலும் 3 ஆம்பியருக்குள்தான் போகிறது, காயில் தாங்கும். நாலாவது துண்டு ஸ்பேர்.

இதில் ஒரு குறை உண்டு. வெயில் பாதியாகக் குறைந்தால் பவர் பாதி ஆகாது, கால்தான் ஆகும். கால் பாலிக்காரர்கள் காயிலுக்குப் பதில் டயோடுகளை (கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் சின்னப் பாகம்) வரிசையாக வைத்துப் பார்த்தது இதனால்தான், டயோடில் வோல்ட் அவ்வளவாக இறங்காது. ஆனால் 300 டிகிரியில் டயோடு தாங்காது. கரிசல் காட்டு வெயிலுக்குக் காயிலே போதும்.

மணல்சட்டி

அப்படியென்றால் என் மணலுக்கு வேலை வந்துவிட்டது! காயிலைச் சுற்றி மணலைக் கொட்டுங்கள். ஐயா, இப்போது கணக்குப் போடுங்கள் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை

போட்டேன். இப்போது உங்கள் மணல் தேறுகிறது. 10 கிலோ மணலை 300 டிகிரிக்கு ஏற்ற 300 வாட்டில் இரண்டேகால் மணி நேர நல்ல வெயில். பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் தாராளமாக முடியும். சுற்றிலும் ஒரு சாண் தடிமனுக்குச் சூடு காக்கும் பொருள் இருந்தால் மணிக்கு 25 டிகிரி போல இறங்கும். மூன்றரை மணிக்கு 300 இருந்தால் ஏழு மணிக்கு 215 இருக்கும். அப்போது அரை கிலோ அரிசியை இறக்கினால் கொதி வந்து, வெந்து, மிச்சமும் இருக்கும்.

ஆனால் உள்ளே சூடு இருக்கும், வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மணல் சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. பாத்திரத்தைச் சுற்றி மூன்று சென்டிமீட்டர் மணல் இருந்தால் 115 வாட் போலத்தான் பாத்திரத்துக்குள் இறங்கும். கொதி வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடலை வறுக்கிறவர் கரண்டியை நிறுத்தாமல் கிளறுவது இதனால்தான். உங்கள் மணலைக் கிளற ஆள் இல்லை.

இரும்பைப் போட்டால் சூடு உடனே வரும். ஆனால் இரும்புக்கு வெப்ப ஏற்புத்திறன் 0.46 மட்டுமே, 10 கிலோ மணலுக்கு ஈடாக 17 கிலோ வேண்டும். இடம் என்னவோ மூன்றில் ஒரு பங்குதான் பிடிக்கும். எடைக்கு எடை இரும்புக் கடையில் பழைய கட்டி வாங்கினால் கட்டுப்படியாகும்.

அடுப்பங்கரை

ஐயா, கல்சட்டிக் கல்லைப் போட்டால் என்ன? மாக்கல். புளிக்குழம்பை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் கொதிக்கிறதே.

கணக்குப்பிள்ளை

அக்கா, இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்! மாக்கல்லின் ஏற்புத்திறன் ஏறத்தாழ 1, மணலைவிட அதிகம். சூட்டை மணலைப் போலப் பத்து மடங்கு வேகத்தில் கடத்தும். அடர்த்தியும் இருப்பதால் 10 கிலோ கல் மூன்றரை லிட்டர் இடத்தில் அடங்கிவிடும். சூட்டுக்கு லேசில் விரியாது, வெடிக்காது. பின்லாந்தில் இந்தக் கல்லில்தான் கணப்படுப்பு கட்டுகிறார்கள், ஒருமுறை விறகு எரித்தால் இரவு முழுக்க வீடு சூடாக இருக்கும்.

வயர்மேன்

மின்சாரத்தையும் கடத்தாது. அந்தக் காலத்தில் ஸ்விட்ச் போர்டுக்கே மாக்கல் பலகை போட்டிருக்கிறார்கள். கல்லில் பள்ளம் வெட்டிக் காயிலை நேராக இறக்கிவிடலாம், பழைய மின்சார அடுப்பில் களிமண் தட்டில் இருக்குமே, அதே மாதிரி. மென்மையான கல், உளியே போதும்.

கரிசல்வாசி

தலை சுற்றுகிறது, ஆனால் நல்ல சுற்று. சேலம் பக்கம் கல்சட்டி செய்கிறவரிடம் பட்டையான கல்லாகக் கேட்டுப் பார்க்கிறேன். இரண்டு சந்தேகம். சுற்றிலும் என்ன அடைப்பது? உமி எங்களுக்கு ஆலையில் சும்மா கிடைக்கும். அடுத்து, இதில் தோசை வருமா?

கணக்குப்பிள்ளை

தோசை பற்றி முதலில். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஒரு தோசையில் பாதிக்கு மேல் தண்ணீர், அது ஆவியாக வேண்டும். தோசைக்கு 90 கிலோ ஜூல் என்று வைத்தால், கல் 215-லிருந்து 170-க்கு இறங்குவதற்குள் ஐந்து தோசை வரும். அப்புறம் வருவது தோசை இல்லை, வாட்டிய மாவு. நாலு பேர் வீட்டில் ஐந்து தோசையை வைத்துக்கொண்டு நியாயம் பேச முடியாது. இட்லி என்றால் 100 டிகிரி போதும், நாலு பேருக்கும் தாராளமாக வரும், சாம்பாருக்குத் தாளிக்கவும் முடியும். ஆனால் தாளிப்பை முதலில் முடித்துவிட்டு இட்லியை ஏற்றுங்கள், கல் அப்போதுதான் சூடாக இருக்கும்.

அடுப்பங்கரை

தோசை ஞாயிற்றுக்கிழமை மதியம். பேனல் ஓடிக்கொண்டிருக்கும்போது சுடுங்கள், விட்டுவிட்டு வந்தாலும் வந்துகொண்டே இருக்கும்.

வயர்மேன்

உமி வேண்டாம் தம்பி. 200 டிகிரி தாண்டினால் கருகிப் புகையும், அம்மாவுக்குப் புகை ஆகாது என்றுதானே ஆரம்பித்தீர்கள். உமிச் சாம்பல் போடலாம், நல்ல சூடு காப்பான், இரும்பு உருக்காலைகளிலேயே கொதிக்கிற இரும்பின் மேல் மூடியாகத் தூவுகிறார்கள். கொட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை. கொட்டி முடித்ததும் தகரம் வைத்து இறுக மூடிவிடுங்கள். அம்மா இருக்கும்போது செய்யாதீர்கள். வெர்மிகுலைட் (சூட்டில் பொரிந்து லேசாகும் ஒரு தாது) கிடைத்தால் இன்னும் சுத்தம், திருப்பத்தூர் பக்கம் சேவாத்தூரில் வெட்டி எடுக்கிறார்கள், தோட்டக்கலைக் கடைகளில் மூட்டையாகவும் வரும். ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) வாங்கினால் கையுறை போடுங்கள். வெளிப்பெட்டி மரமாக இருந்தால் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு சாணுக்குக் குறையக் கூடாது.

உள்ளே போகிற வயர் சாதாரண பி.வி.சி. வயராக இருக்கக் கூடாது, உருகிவிடும். கண்ணாடி இழை உறை போட்டது, இல்லாவிட்டால் பீங்கான் மணி கோத்தது.

கரிசல்வாசி

புரிந்தது அண்ணே. மழைக்காலம்? ஐப்பசி கார்த்திகையில் எங்களுக்கும் நாலைந்து நாள் மூடிக்கொள்ளும்.

அடுப்பங்கரை

அதற்கு எந்தக் கல்லும் உதவாது தம்பி. சூடு ஒரு ராத்திரிக்குத் தாங்கும், ஒரு வாரத்துக்கு இல்லை. சின்ன சிலிண்டர் ஒன்று வாங்கி வையுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் தூக்க வேண்டியிருக்கும். மாடு இருந்தால் சாண எரிவாயுவும் பாருங்கள், அதைத் தனியாகப் பேசலாம்.

கரிசல்வாசி

சரி அக்கா. கடைசியாக ஒன்று, வயர்மேன் அண்ணே. நாங்கள் ஒரு நாள் ஊருக்குப் போய்விட்டால் கல் சூடேறிக்கொண்டே போகுமா? அயர்ன் பாக்ஸ் தெர்மோஸ்டாட் ஒன்று வீட்டில் கிடக்கிறது, அதை நடுவில் போட்டுவிடட்டுமா?

வயர்மேன்

ஏறிக்கொண்டேதான் போகும், 400 தாண்டும். தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டும், ஆனால் அந்த அயர்ன் பாக்ஸ் தெர்மோஸ்டாட் வேண்டாம். அது ஏ.சி. கரண்டுக்கு, அதாவது வீட்டு லைன் கரண்டுக்குச் செய்தது. ஏ.சி.யில் கரண்ட் நொடிக்கு நூறு தடவை சுழியத்தைத் தொடும், அதனால் ஸ்விட்ச் திறக்கும்போது வருகிற பொறி உடனே அணைந்துவிடும். பேனல் கொடுப்பது டி.சி., பொறி அணையாமல் நின்று தொடுமுனையை ஒட்டவைத்துவிடும். ஒட்டிக்கொண்டால் அணைக்கவே அணைக்காது, நீங்கள் ஊரில் இருப்பீர்கள்.

சூட்டை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் ஒன்று, 12 வோல்ட்டில் ஓடும் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் ஒன்று, டி.சி. லோடுக்கு என்று எழுதியிருக்கும் சாலிட் ஸ்டேட் ரிலே (தொடுமுனை இல்லாத மின்னணு ஸ்விட்ச்) ஒன்று. கன்ட்ரோலரை உங்கள் விளக்குப் பேட்டரியிலிருந்தே ஓட்டலாம். 300-ல் நிறுத்தும்படி வைத்துவிடுங்கள். பேனலுக்குப் பக்கத்தில் டி.சி. எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானாக இறங்கும் ஸ்விட்ச்) ஒன்று தனியாக வேண்டும். ஊருக்குப் போகிற அன்று அதை இறக்கிவிட்டுப் போங்கள். ரிலேக்கு அடியில் அலுமினியத் தகடு வைத்துத் திருகுங்கள், அதுவும் சூடாகும். வாங்குவதற்கு முன் ரிலேயின் படத்தை இங்கே போடுங்கள். ஏ.சி. ரிலேயை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.